இரு கரைக்கும் பொதுவாக உட்கார்ந்த மாலை

பரமக்குடியிலிருந்து

நண்பரின் மகிழ்ச்சிக்காக, எந்த அணிக்கும் ஆதரவாளராக இல்லாமல் ஓர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு நேர்ந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். சுருக்கிச் சொன்னால் அந்த மாலையில் யார்மீது தவறு என்ற கேள்வி மட்டும்தான் மிஞ்சும், அது எனக்கு விருப்பமில்லை.

2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், பாம்பனில் இருக்கும் என் கல்லூரி நண்பன் சொந்தமாக ஒரு நாட்டுப்படகு இறக்கினான். பதினாறு ஆண்டுகள் மற்றவர் படகில் பங்குக்குத் தொழிலுக்குப் போனவன் அவன். ஆடியில் யாராவது புதுப்பொருள் இறக்குவார்களா என்று என் அம்மா கேட்டார்; அவர்கள் கிறித்தவக் குடும்பம், ஊர்த் திருவிழா நடக்கும் நாள்தான் அவர்களுக்கு நல்ல நாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். காலையில் படகு இறக்குவது, மாலையில் திருவிழாவையொட்டி நடக்கும் எழுவர் கால்பந்து இறுதி ஆட்டம் பார்ப்பது, இரவில் விருந்து என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் கபடியும் கிரிக்கெட்டும் ஆடுவார்கள். கால்பந்தை நான் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி.

பேருந்து மண்டபத்தைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும், ஆடி மாதத்தில் அந்தக் கடல் எப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கும் என்பது தெரிந்தது. இடப்புறத்தில், ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்கு அப்பால் வடகடல் குளத்து நீர்போல் கிடந்தது; வலப்புறத்தில் தென்கடல் நுரைத்துக்கொண்டிருந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பேருந்தின் சன்னல் வழியாகப் புகுந்து முகத்தில் அறைந்தது. அந்தக் காற்றுக்கு அன்று மாலை ஆட்டத்தில் ஒரு பங்கு இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

படகை வடகடல் கரையில் இறக்கினார்கள். பங்குத்தந்தை வந்து மந்திரித்து, படகின் முன்பக்கமான அணியத்தில் தீர்த்தம் தெளித்தார். சாயத்தின் வாடை போகாத அந்தப் படகை இருபது பேர் தோள் கொடுத்து நீருக்குள் தள்ளியபோது, நண்பன் ஒன்றும் பேசாமல் அதன் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கூடவே இடுப்பளவு நீர் வரை நடந்தான். காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாறைமீன் குழம்பும் கணவாயும் இருந்தன, பந்தியில் கேட்டுக் கேட்டுப் போட்டார்கள்.

இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் பாம்பன் தீவில் உள்ள நண்பனின் ஊர் அணி. இன்னொரு பக்கம் மண்டபத்துக்கு மேற்கே, தென்கடல் ஓரத்தில் உள்ள ஒரு கரையூரின் அணி. அந்த ஊர் நண்பனின் மனைவி பிறந்த ஊர் என்பதும், அந்த அணியின் தலைவன் அவருடைய தம்பி என்பதும் திடலுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வீட்டாரும் ஒரே வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நண்பன் என் தோளைப் பிடித்து நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தான்.

“மாப்ள, இந்தப் பக்கம் எங்க சித்தப்பா, அந்தப் பக்கம் என் மாமனார். நீ ஒருத்தன்தான் பொதுவான ஆளு. நடுவுல உக்காரு.”

பொதுவான ஆள் என்றால் வேலை ஒன்றும் இல்லாதவன் என்றுதான் நான் நினைத்தேன். கிழக்குக் கோலுக்குப் பக்கத்தில், கோல் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் எங்கள் வரிசை இருந்தது. கம்பங்கள் சவுக்குக் கட்டைகள். வலை கடைவலை அன்று. நண்பனின் பழைய மீன்வலை. கடலில் பயன்படாது என்று ஒதுக்கியதை அவன் முந்தின நாள் இரவு கம்பங்களில் கட்டி, வலை பின்னும் ஊசியை வைத்துக் கிழிந்த இடங்களை ஒவ்வொன்றாக முடிந்திருக்கிறான். பழைய நூல் வெளுத்தும் புதிதாக முடிந்த நூல் பச்சையாகவும் இருந்ததால், அவன் கை பட்ட இடங்களைத் தனியாக எண்ணிவிடலாம்.

ஐந்து மணிக்குப் பூவா தலையா போட்டார்கள். தீவு அணி வென்று, முதல் பாதியில் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்கே ஆடும் பக்கத்தைக் கேட்டது. ஐந்தரைக்கு மேல் காற்று விழுந்துவிடும், அப்புறம் பக்கம் மாறினாலும் எதிரணிக்கு அதனால் பயன் இருக்காது என்பது நண்பனும் அவன் சித்தப்பாவும் சொன்ன கணக்கு. கடலுக்குப் போகிறவர்கள் காற்றைப் பார்த்து ஆட்டத்தைத் திட்டமிடுவதை நான் அன்றுதான் கண்டேன். இருபத்தைந்து நிமிடப் பாதியில் ஏறக்குறைய பாதி நேரம் கடந்தபோது, ஏறத்தாழ நடுத்திடலிலிருந்து அவர்கள் அடித்த ஒரு ஃப்ரீ கிக் கோல்கீப்பரின் தலைக்கு மேலே வெளியே போவதுபோல் போய், காற்றில் வளைந்து இறங்கி வலைக்குள் விழுந்தது. பந்து வலையின் நடுவில் பச்சை முடிச்சுகளுக்குள் சற்று நேரம் அசையாமல் நின்றது. நான் என்னை மறந்து எழுந்து கைதட்டிவிட்டேன். பக்கத்தில் நண்பனின் மாமனார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் என் பிழை புரிந்தது. நடுவில் உட்கார்ந்தவன் ஒரு வீட்டின் கோலுக்கு மட்டும் எழுந்து நிற்கக் கூடாது. அதன் பிறகு இரண்டு கோல்கீப்பர்களும் பந்தைத் தடுத்தபோது இருவருக்கும் ஒரே அளவில் கைதட்டினேன். மேற்கு ஊர்க் கோல்கீப்பர் மண்ணில் விழுந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டபோது எங்கள் வரிசையில் கைதட்டியது நானும் அந்தப் பெரியவரும் மட்டுமே. அவர் என் பக்கம் திரும்பி, “பையன் நம்ம தெருதான் தம்பி” என்றார்.

பக்கம் மாறிய பிறகும் காற்று விழவில்லை. கணக்கு அரை மணி நேரம் பிசகிவிட்டது. தீவு அணி கோலிலிருந்து அடித்த பந்துகள் நடுத்திடலைத் தாண்டாமல் திரும்பி வந்தன. ஆட்டம் முடிய ஆறேழு நிமிடம் இருக்கும்போது, நண்பனின் மச்சினன் இடப்பக்கமாக வந்து, நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கம்பத்தை ஒட்டித் தரையோடு ஒரு பந்தை அடித்தார். பந்து எங்கள் காலடிக்கு வந்து நின்றது. மேற்கு ஊரார் கோல் என்று கத்தினார்கள். தீவு ஊரார் வெளியே போனது என்று கத்தினார்கள். நடுவர் தொலைவில் இருந்தார், அவர் பார்வையை இரண்டு பேர் மறைத்திருந்தார்கள். கோட்டில் நின்றவரும் கையை விரித்துவிட்டார். திடலுக்குள் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள்.

அப்போது போட்டி நடத்தியவர்களில் ஒரு முதியவர், “அந்தப் பரமக்குடிக்காரரக் கேளுங்க. அவருக்கு ரெண்டு ஊரும் ஒண்ணுதான்” என்றார்.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தில் நடந்ததைப் பற்றி நடுவர் சொல்வதே முடிவு என்பதுதான் விதி. வேடிக்கை பார்க்க வந்தவனைச் சாட்சிக்கு இழுப்பது முறையன்று. அது நடுவருக்கும் நல்லதில்லை, சாட்சிக்கும் நல்லதில்லை. ஆட்டம் தொடங்கும் முன்னால் யாராவது ஒருவர் வலையை மூலைக்கு மூலை கையால் தடவிப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இதையெல்லாம் இன்றைக்கு எழுத முடிகிறது. அன்றைக்கு நூறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், காலையில் எனக்கு இலை போட்டுப் பரிமாறியவர்கள் அவர்களில் பாதிப் பேர்.

நான் பார்த்தேன். அந்தப் பந்து கம்பத்துக்கு உட்புறமாகப் போய், வலையின் கீழ்மூலையில் இரண்டு கை நுழையும் அளவுக்கு இருந்த ஓட்டை வழியாக வெளியே வந்தது. நண்பன் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு வந்துவிட்டு அவன் ஊருக்கு எதிராகப் பேசுவதா என்று தயங்கியது உண்மை. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதை யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் என் இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரும் அதைப் பார்த்திருந்தார். தன் மகன் அடித்த பந்து என்பதால் அவர் வாய் திறக்காமல் இருந்தார். அவர் பேசக் கூடாது என்று பேசாமல் இருக்கும்போது, பேசக்கூடிய நானும் மறைத்தால் அது இரண்டு மடங்கு பொய்யாகிவிடும் என்று பட்டது. “உள்ளே போச்சுங்க. அந்த மூலை ஓட்டை வழியா வெளியே வந்துருச்சு” என்றேன்.

சித்தப்பா நாற்காலியை நகர்த்திக்கொண்டார். பின்னால் நின்ற பையன்கள் சொன்னவற்றை இங்கே எழுதவில்லை. நடுவர் வந்து குனிந்து அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நண்பன் எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

“நேத்து ராத்திரி நூல் தீந்துபோச்சு. அந்த மூலைய நான்தான் முடியாம விட்டேன். அவன் சொல்றது சரி.”

கோல் கொடுத்தார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்து பெனால்ட்டிக்குப் போனது, அப்போதுதான் காற்று முழுவதுமாக விழுந்தது. மேற்கு ஊர் 4-3 என்று வென்றது.

அன்றிரவு விருந்துக்கு வர வேண்டிய சிலர் வரவில்லை. நண்பனின் மனைவி என் இலைக்கு முன்னால் நின்று, “அண்ணே, ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க, சாப்பிடுங்க” என்று சொன்னார். தன் தம்பி வென்ற மகிழ்ச்சியை அந்த வீட்டுக்குள் காட்ட முடியாமல் அவரும் என்னைப் போலத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது நண்பன் படுக்கையில் இல்லை. திடலில், அந்தக் கிழக்குக் கோலின் மூலையில் உட்கார்ந்து வலையை முடிந்துகொண்டிருந்தான். ஆட்டம்தான் முடிந்துவிட்டதே என்று நான் கேட்டதற்கு, அடுத்த ஆண்டு வரைக்கும் பிள்ளைகள் இதில்தானே அடிப்பார்கள் என்றான். வலைக்கண்களை விரித்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னான், பிடித்துக்கொண்டேன்.


கீழக்கரையிலிருந்து

பரமக்குடி சகோதரருக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எழுதியதைப் படித்து முடித்ததும் என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. உங்களிடம் எல்லோரும் கேட்டார்கள், நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நான் மறைத்தேன்.

நான் கத்தாரில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். என்னோடு ஒரே அறையில் இருந்த, நான் மச்சான் என்று அழைக்கும் எங்கள் தெரு நண்பர், அங்கே இருபது ஆண்டுகளை முடித்துவிட்டு 2022 டிசம்பர் தொடக்கத்தில் ஒரேயடியாக ஊர் திரும்புவதாக இருந்தார். போவதற்கு முன், அங்கே நடந்த உலகக் கோப்பையில் ஒரு தடவை அர்ஜென்டினா கால்பந்து அணியை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. 1990இல் பத்துப் பன்னிரண்டு வயதில், தெருவில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து அவர் அந்த அணியின் ஆள். கத்தாரில் வசிப்பவர்களுக்கு முதல் சுற்று ஆட்டங்களுக்கு 40 ரியாலில் சீட்டு இருந்தது. எங்கள் நான்கு பேருக்கும் அவரே வாங்கினார். அது அவருடைய விருந்து. எனக்கு எந்த நாட்டு அணிமீதும் தனிப் பற்று இல்லை.

நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணி ஆட்டம். எதிரணி சவூதி அரேபியா. மெட்ரோவில் லுசைல் வரை போவதற்குள்ளேயே ஒரு விஷயம் புரிந்துவிட்டது. சவூதிக்காரர்கள் தரைவழியாகவே எல்லை தாண்டி வந்துவிடலாம் என்பதால் பெட்டி முழுவதும் பச்சை நிறமாக இருந்தது; மச்சான் நீலமும் வெள்ளையுமான சட்டையில் நடுவில் நின்றார். நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அரங்கில் எங்கள் இருக்கைகளைச் சுற்றி அமர்ந்தவர்களும் பெரும்பாலும் பச்சைதான்.

10ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்ட்டியில் கோல் அடித்தார். மச்சான் அழுதார். அதன் பிறகு முதல் பாதியிலேயே அர்ஜென்டினா இன்னும் மூன்று முறை பந்தை வலைக்குள் போட்டது, பந்து கிளம்பும் நேரத்தில் எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்றார்கள், அதாவது ஆஃப்சைடு என்று மூன்றும் ரத்தாயின. தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஆஃப்சைடு ஒரு கோடு மட்டும்தான். மேலே உட்கார்ந்து பார்த்தால், சவூதியின் தடுப்பு வரிசை நடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் ஏறி நிற்கிறது, நால்வரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்து எப்படி ஒன்றாக அடியெடுத்து வைக்கிறார்கள் என்பது தெரிகிறது. ஒருவர் ஓரடி பின்தங்கினால் கோல். அவர்கள் பின்தங்கவில்லை. பந்தைப் பார்க்காமல் அந்த நான்கு பேரை மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த அணியையும் சாராதவனுக்குக் கிடைக்கும் வசதி இதுதான் என்று நினைக்கிறேன்: ஆதரவாளரின் கண் பந்தோடு போய்விடும், நம் கண்ணுக்கு வேறு இடங்களிலும் நிற்க நேரம் இருக்கும்.

இரண்டாம் பாதி தொடங்கி 48ஆவது நிமிடத்தில் அல் ஷெஹ்ரி ஒன்று அடித்தார். 53ஆவது நிமிடத்தில் அல் தவ்சரி, பெனால்ட்டிப் பகுதியின் ஓரத்தில் இரண்டு மூன்று பேரைச் சுற்றிவிட்டு, வலக்காலால் தூர மூலைக்கு வளைத்து அடித்தார். அந்த அரங்கமே எழுந்தது. நான் எழவில்லை, எழக் கூடாது என்று நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. யாரும் எதிர்பாராத ஓர் அணி, 36 ஆட்டங்களாகத் தோற்காத அணியை முந்திப் போவதைப் பார்க்கும்போது மகிழாமல் எப்படி இருப்பது? ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இருபது ஆண்டு உழைப்பின் கடைசி மாதத்தில், தம் காசில் என்னை அங்கே கூட்டி வந்தவர். அவர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

2-1 என்று முடிந்தது. மறுநாளைச் சவூதியில் பொது விடுமுறையாக அறிவித்துவிட்டார்கள். திரும்பும்போது மெட்ரோவில் பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் மச்சானின் தோளில் கை போட்டு ஏதோ ஆறுதல் சொன்னார். மச்சான் எங்களிடம், “தொண்ணூறுலயும் மொத ஆட்டம் கேமரூன்கிட்டத் தோத்துட்டு ஃபைனல் வரைக்கும் போனோம்டா” என்றார். அது உண்மைதான், அந்த ஆண்டு கேமரூனிடம் 1-0 என்று தோற்றுத் தொடங்கிய அணிதான் இறுதி ஆட்டத்தில் நின்றது.

டிசம்பர் 18 அன்று அதே லுசைல் அரங்கில் அர்ஜென்டினா பிரான்ஸைப் பெனால்ட்டியில் வென்றபோது மச்சான் கீழக்கரையில் இருந்தார், நான் தோஹாவில் அறையில் இருந்தேன். அவர் கூப்பிட்டார். அவர் பேசி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, அன்றைக்குச் சவூதியின் இரண்டாவது கோலுக்கு எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“அப்பவே தெரியும்டா. மூஞ்சிய நல்லாத்தான் வச்சிருந்தே. கீழே உன் கால் ஆடிக்கிட்டே இருந்துச்சு.”

சகோதரரே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த மச்சினன் பிறகு உங்களிடம் ஏதாவது பேசினாரா? உங்கள் வார்த்தையால் அவருக்குத்தானே கோல் கிடைத்தது.


தொண்டியிலிருந்து

நான் பள்ளி ஆசிரியை. எனக்கு நேர்ந்தது சிறிய அனுபவம்தான். எங்களோடு பணியாற்றிய உடற்கல்வி ஆசிரியை பணி நிறைவு பெற்ற மாதத்தில், அவரைப் பாராட்டுவதற்கென்று மாணவியர் கால்பந்து ஆட்டம் ஒன்று வைத்தோம். ஓர் அணியில் இப்போது படிக்கும் பிள்ளைகள், இன்னோர் அணியில் படித்து முடித்துப் போனவர்கள். பழைய மாணவிகளில் இரண்டு பேர் கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆடினார்கள். இரண்டு அணியுமே அவர் பழக்கியவர்கள் என்பதால், அன்றைக்கு அந்தத் திடலில் உண்மையிலேயே ஒரு பக்கமும் சாராதவர் என்றால் அது அவர் ஒருவர்தான். நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு பிள்ளைக்காக ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தோம்.

ஆட்டம் முழுவதும் அவர் யாருக்கும் கைதட்டவில்லை. ஒரு பிள்ளை பந்தை உள்ளங்காலால் நிறுத்தியபோது, “காலோட பக்கவாட்டால நிறுத்து” என்று மெதுவாக, தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கோல் விழுந்ததைக்கூட அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. அடித்த பிள்ளையின் ஊன்றிய கால் எங்கே இருந்தது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். 2018இல் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியப் பட்டம் வாங்கிய செய்தியை அவர் நாளிதழிலிருந்து வெட்டி, விளையாட்டுச் சாமான் அறையின் கதவில் உட்புறமாக ஒட்டியிருந்தார். பாராட்டுக் கூட்டத்தில் சால்வை போட்ட பிறகு அந்த அறைச் சாவியை ஒப்படைத்தார். அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

பரமக்குடிக்காரர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பின்னால் நின்ற பையன்கள்மீது அவருக்கு வருத்தம் இருந்தால், அந்த வயதில் தோல்வியை யார்மீதாவது இறக்கி வைத்தால்தான் வீட்டுக்கு நடக்க முடியும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.


பரமக்குடியிலிருந்து

கீழக்கரைச் சகோதரர் கேட்டதற்குப் பதில். மச்சினன் அன்று என்னிடம் பேசவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு நேரே வேனில் ஏறிப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு நான் பாம்பன் போயிருந்தபோது அவரும் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அது வாடைக்காலம் என்பதால் இப்போது வடகடல் கொந்தளித்தது, படகைத் தென்கடல் பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். இருவரும் படகைப் பார்க்க நடந்து போனோம். வழியில், தனக்கே அன்று அது கோல்தானா என்று உறுதியாகத் தெரியாது என்றும், கத்தியது மற்றவர்கள் கத்தியதைக் கேட்டுத்தான் என்றும் சொன்னார். நான் சொன்ன பிறகுதான் நம்பினாராம்.

ஆசிரியை அவர்கள் சொன்ன பையன்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர்களில் ஒருவன் இப்போது நண்பனின் படகில் தொழிலுக்குப் போகிறான். அன்று நாங்கள் போனபோது படகிலிருந்து மீன்பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் கண்டு சற்று நேரம் குனிந்தே வேலை பார்த்தான்; பிறகு பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியை என் பக்கம் நீட்டி, “அண்ணே, ஒரு கை பிடிங்க” என்றான்.